ஜெயில் பூட்டும் ஆபத்துக் காலமும்

ஜெயிலைப் பற்றி நம் ஜனங்களுக்குள் ஒரு விசித்திரமான அபிப்பிராயம் வெகுகாலமாக இருந்து வருகின்றது. தன் வீட்டுப் பிள்ளை உள்ளே போகின்ற வரையில், ஜெயில் என்பது வேறு யாருக்காகவோ கட்டப்பட்டது என்றும், அதில் இருப்பவர்கள் மனிதக் கணக்கில் சேராதவர்கள் என்றும், அவர்களுக்கு வேளாவேளைக்குச் சோறு போடுவதே சர்க்கார் செய்கின்ற அதிகப்படியான தர்மம் என்றும் நினைத்துக் கொண்டிருக்கின்றார்கள். "மாமியார் வீட்டுக்குப் போயிருக்கிறான்", "களி தின்கிறான்", "கம்பி எண்ணுகிறான்" என்று கேலி பேசுவதோடு ஜெயிலைப் பற்றிய விசாரணை நம் நாட்டில் முடிந்து போகின்றது.

சிவகங்கைப் பக்கத்து ஒக்கூரில் நம் தோழர்கள் சிலர் கூடியிருந்த இடத்தில் இப்பேச்சு வந்தது. ஜெயிலுக்குள் நெருப்புப் பிடித்தால், வெள்ளம் புகுந்தால், தொற்றுநோய் வந்தால் உள்ளே இருப்பவர்களின் கதி என்ன, அதற்கென்று சர்க்கார் பணம் ஒதுக்கி ஏற்பாடு செய்து வைக்க வேண்டாமா என்று ஒருவர் கேட்டார். உடனே ஒரு பெரியவர், "ஏந்தம்பி, ஊருக்குள்ள யோக்கியமா இருக்கிறவனுக்கே மழை பேஞ்சா ஒண்டுறதுக்கு இடமில்லே. திருட்டுப் பயலுக்குத் தண்ணி வந்தா என்ன, தீ வந்தா என்ன?" என்றார். கூட இருந்தவர்களில் பாதிப் பேர் சிரித்தார்கள். பெரியவர் கெட்ட எண்ணத்தோடு கேட்டதாக நாம் நினைக்கவில்லை. வரி கொடுக்கின்ற ஏழை கேட்கின்ற கேள்விதான் அது. ஆகவே அதற்குச் சமாதானம் சொல்ல வேண்டியது நமது கடமையாகும்.

யோக்கியனாய் வெளியில் இருக்கின்றவன் மழை வந்தால் பள்ளிக்கூடத் திண்ணைக்கு ஓடுவான். தீ வந்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வருவான். அவனுக்கு ஒண்ட இடமில்லாதது பெரிய அக்கிரமந்தான் என்றாலும், ஓடுவதற்கு இரண்டு கால்கள் அவன் வசம் இருக்கின்றன. ஜெயிலில் இருப்பவனுக்கு அந்தக் கால்கள் இல்லை. சர்க்கார் அவற்றைச் சட்டப்படி பிடுங்கித் தன் கையில் வைத்துக்கொண்டிருக்கின்றது. அந்தப்படி ஒருவனுடைய கால்களைப் பிடுங்கி வைத்துக்கொண்டவர்கள் ஆபத்துக் காலத்தில் அவனைத் தூக்கிச் செல்லக் கடமைப்பட்டவர்களா இல்லையா என்பதுதான் கேள்வி. அவன் திருடனா யோக்கியனா என்பது இதில் ஒரு கேள்வியே அல்ல.

ஒக்கூர்க்காரர்களுக்கும் செட்டிநாட்டு மற்ற ஊர்க்காரர்களுக்கும் பூட்டுச் சாவி விஷயத்தை நாம் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. தெருவுக்குத் தெரு எத்தனை பெரிய வீடுகள் வருஷம் முழுவதும் பூட்டிக் கிடக்கின்றன! வீட்டுக்காரர் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார். ஆனாலும் திண்டுக்கல் பூட்டைத் தொங்கவிட்டுச் சாவியைத் தம்மோடு கொண்டுபோய் விடுகின்றாரா? இல்லை. ஊரில் ஒரு காவல்காரரிடமோ பங்காளியிடமோ ஒரு கொத்துச் சாவி இருக்கின்றது. ஏன்? மழையில் ஓடு ஒழுகினால், கரண்டுக் கம்பியில் தீப்பொறி வந்தால், உள்ளே இருக்கின்ற தேக்கு மரத்துக்கும் ஆத்தங்குடிக் கல்லுக்கும் சேதம் வந்துவிடக் கூடாது என்பதற்காக. காவல்காரருக்குச் சம்பளமும் மாதாமாதம் போய்க்கொண்டிருக்கின்றது. மரத்துக்கும் கல்லுக்கும் இருக்கின்ற இந்த முன்யோசனை, பூட்டி வைக்கப்பட்ட மனிதர்கள் விஷயத்தில் இருக்கின்றதா என்றுதான் நாம் கேட்கின்றோம்.

இல்லாமற் போனால் என்ன நடக்கும் என்பதை நம் பக்கத்து ஜனங்கள் கண்ணாலேயே பார்த்திருக்கின்றார்கள். அது ஜெயிலில் நடந்ததல்ல. ஆனால் ஜெயிலைவிடக் கேடான இடத்தில் நடந்தது. சிவகங்கைச் சீமையும் இராமநாதபுரமும் 1985 வரையில் ஒரே ஜில்லாவாக இருந்தவை. அந்த இராமநாதபுரம் ஜில்லாவிலுள்ள ஏர்வாடியில் 2001-ஆம் வருஷம் ஆகஸ்டு 6-ந் தேதி விடியற்காலையில், மனநோயாளிகளைக் காசு வாங்கிக்கொண்டு வைத்திருந்த ஒரு தனியார் விடுதியின் கீற்றுக்கொட்டகையில் தீப்பிடித்தது. உள்ளே நாற்பதுக்கு மேற்பட்டவர்கள் இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். கூச்சல் கேட்டு ஓடிவந்தவர்களுக்கு நெருப்பை அணைப்பதா சங்கிலியை அறுப்பதா என்று தெரியவில்லை. ஆணும் பெண்ணுமாக 25 பேர் அங்கேயே கரிக்கட்டையானார்கள். பின்னால் இறந்தவர்களையும் சேர்த்து 28 பேர்.

தோழர்களே! இந்த 28 பேரும் என்ன குற்றம் செய்தார்கள்? எந்தக் கோர்ட்டு அவர்களுக்குத் தண்டனை விதித்தது? அவர்களுக்கு வந்தது வியாதி. காய்ச்சலைப் போல, க்ஷயத்தைப் போல மூளைக்கு வந்த வியாதி. அதைப் பேய் என்றும், பில்லி சூனியம் என்றும், தெய்வக் குற்றம் என்றும் சொல்லி, தர்காவிலே கிடந்தால் கனவில் உத்தரவு வரும், தீர்த்தம் குடித்தால் தெளியும் என்று நம்பி, பெற்றோரும் உடன்பிறந்தோருமே கொண்டுவந்து விட்டார்கள். அப்படி வந்தவர்கள் முஸ்லீம்கள் மாத்திரமல்ல. ஹிந்துக்களும் கிறிஸ்தவர்களும் அதே நம்பிக்கையோடு வந்தார்கள். பேய் நம்பிக்கையில் மட்டும் நம் நாட்டில் எல்லா மதத்தாரும் ஒற்றுமையாய் இருக்கின்றார்கள்! திருச்சிப் பக்கத்துக் குணசீலத்தில் பெருமாள் செய்வதாகச் சொல்லப்படுவதை ஏர்வாடியில் அவுலியா செய்வதாகச் சொல்லுகின்றார்கள். ஆளும் ஊரும் வேறே தவிர, நோயாளியின் கதி ஒன்றேதான்.

ஆனால் மூடநம்பிக்கையின் பேரில் மாத்திரம் பழியைப் போட்டுவிட்டு சர்க்காரைத் தப்பவிட நாம் தயாராயில்லை. ஒரு ஏழைக் குடியானவன் தன் மகனுக்குப் புத்தி பேதலித்துவிட்டால் எங்கே கொண்டுபோவான்? அப்போது தமிழ்நாடு முழுமைக்கும் சர்க்கார் மனநோய் ஆஸ்பத்திரி ஒன்றே ஒன்று, சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் இருந்தது. கும்பினிக்காரன் காலத்தில், 1794-இல் ஆரம்பித்த ஸ்தாபனம் அது. இரண்டு நூற்றாண்டுகள் கழிந்து, வெள்ளைக்காரன் போய், காங்கிரஸ் போய், கழகங்கள் வந்த பிறகும் அதற்கு ஒரு தம்பி பிறக்கவில்லை. ஜில்லாத் தலைநகர் ஆஸ்பத்திரிகளிலேயே போதிய டாக்டரும் மாத்திரையும் இருந்திருக்குமானால், சங்கிலிக் கொட்டகைக்காரனுக்கு வியாபாரம் ஏது? சர்க்கார் மிச்சம் பிடித்த பணத்தின் வட்டிதான் அந்த 28 உயிர்களும்.

சட்டம் இல்லாமலா இருந்தது? இருந்தது. மனநோயாளிகளை வைத்திருக்கும் விடுதிக்கு லைசென்ஸ் வாங்க வேண்டும் என்று 1987-இலேயே சட்டம் செய்யப்பட்டு, 1993-இல் அமுலுக்கும் வந்துவிட்டது. எட்டு வருஷம் அந்தச் சட்டம் டில்லியில் அச்சில் இருந்தது. சங்கிலி ஏர்வாடியில் காலில் இருந்தது. தீப்பிடித்த ஒரு வாரத்துக்குள் சர்க்கார் ஏர்வாடியிலிருந்த அத்தகைய விடுதிகள் அத்தனையையும் மூடி, ஐந்நூறுக்கு மேற்பட்ட நோயாளிகளைத் தன் பராமரிப்பில் எடுத்துக்கொண்டது. வாஸ்தவத்தில் இதுதான் நமக்கு அதிகமாய்க் கோபத்தை உண்டாக்குகின்றது. ஒரு வாரத்தில் செய்யக்கூடிய காரியத்தை எட்டு வருஷமாய்ச் செய்யாமல், 28 பிணம் விழுந்த பிறகு செய்தார்கள். விசாரணைக் கமிஷன் வந்தது. சுப்ரீம் கோர்ட்டு தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு மாகாணத்துக்கும் குறைந்தது ஒரு சர்க்கார் மனநோய் ஆஸ்பத்திரியாவது வேண்டும் என்றது. விடுதி நடத்தியவர்கள் 2007-இல் ஜெயில் தண்டனை அடைந்தார்கள். 2017-இல் வந்த புதுச் சட்டம் நோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை அடியோடு தடுத்தது. எல்லாம் சரி. செத்தவன் சங்கிலியோடு செத்தான்.

நிற்க, ஏர்வாடியை இவ்வளவு தூரம் சொன்னதற்குக் காரணம் உண்டு. அங்கே சங்கிலி போட்டது நம்பிக்கை. ஜெயிலில் பூட்டுப் போடுவது சட்டம். இரண்டு இடத்திலும் நெருப்புக்கு முன்னால் மனிதனுடைய நிலைமை ஒன்றுதான். தனியார் விடுதிக்காரனைத் தண்டித்த சர்க்கார், தான் பூட்டி வைத்திருப்பவர்கள் விஷயத்தில் என்ன செய்து வைத்திருக்கின்றது என்று கேட்க நமக்குப் பாத்தியம் உண்டா இல்லையா?

முதலாவது உள்ளே இருப்பவர்கள் யார் என்று பார்ப்போம். "திருட்டுப் பயல்" என்று ஒக்கூர்ப் பெரியவர் சொன்னார். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் என்கின்ற சர்க்கார் இலாகாவின் கணக்குப்படியே, 2022-ஆம் வருஷக் கடைசியில் இந்தியா முழுவதும் 1,330 ஜெயில்களில் 5,73,220 பேர் இருந்தார்கள். இடம் இருந்ததோ 4,36,266 பேருக்கு. அதாவது 100 பேர் படுக்க வேண்டிய இடத்தில் 131 பேர். அவர்களில் 4,34,302 பேர், அதாவது நான்கில் மூன்று பேர், விசாரணைக் கைதிகள். திருடினானா இல்லையா என்று எந்தக் கோர்ட்டும் இன்னும் தீர்ப்புச் சொல்லாதவர்கள். ஜாமீனுக்கு ஆளில்லாமலும், வக்கீலுக்குப் பீஸ் இல்லாமலும் கிடப்பவர்கள் இவர்களில் ஏராளம். பணக்காரனுக்குக் கைது என்றவுடன் நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரிக் கட்டில் கிடைத்துவிடுகின்றது. ஏழைக்கு நெஞ்சுவலி வருவதில்லை போலும்!

தமிழ்நாட்டு ஜெயில்களில் மொத்தத்தில் பார்த்தால் வடநாட்டைப் போன்ற நெரிசல் கிடையாது என்பதை நாம் ஒப்புக்கொள்ளுகின்றோம். நல்லதுதான். ஆனால் நெருப்பும் வெள்ளமும் நெரிசல் கணக்கைப் பார்த்துக்கொண்டு வருவதில்லை. ராத்திரி பூட்டிய பிறகு சாவி யாரிடம், எத்தனை பேரிடம், எத்தனை கஜ தூரத்தில் இருக்கின்றது என்பதுதான் அப்போது கணக்கு. அந்தச் சாவியைத் தூக்கிக்கொண்டு ஓட ஆள் வேண்டும். இந்தியா முழுவதிலும் ஜெயில் இலாகாவில் பத்து வேலைக்குச் சுமார் மூன்று வேலை காலியாகவே கிடக்கின்றது. ஆகையால் இது கைதியின் உயிரைப் பற்றிய விஷயம் மாத்திரமல்ல. இரவில் தனியாய் நின்று நூறு பேரைக் காக்கின்ற வார்டருடைய உயிரையும் பற்றியதாகும். 1999 நவம்பரில் சென்னை மத்திய ஜெயிலில் ஒரு கைதி இறந்ததை ஒட்டிக் கலகம் மூண்டபோது, கைதிகளோடு கூட ஒரு டிப்டி ஜெயிலரும் மாண்டுபோனார். உள்ளே பூட்டப்பட்டவனுடைய ஆபத்து வெளியே காவல் நிற்பவனையும் விடுவதில்லை.

அமெரிக்காவைப் போலப் பணம் படைத்த தேசம் உலகத்திலில்லை என்கின்றார்கள். அங்கே 2005 ஆகஸ்டு கடைசியில் நியூ ஆர்லியன்ஸ் என்னும் பட்டணத்தைப் புயல் தாக்கியது. ஊர் ஜனங்களையெல்லாம் வெளியேறும்படி முன்கூட்டியே உத்தரவு போட்டார்கள். ஜெயிலில் இருந்த ஆறாயிரத்துக்கு மேற்பட்டவர்களை மட்டும் இருக்குமிடத்திலேயே வைத்துக்கொள்வது என்று அதிகாரிகள் முடிவு செய்தார்கள். கரை உடைந்து தண்ணீர் வந்தது. மின்சாரம் போயிற்று. மார்பளவுத் தண்ணீரில், இருட்டில், சோறு தண்ணீர் இல்லாமல் கைதிகள் நின்றார்கள். சிலர் ஜன்னலில் துணியைக் கட்டிக் கூப்பிட்டார்கள். படகில் ஏற்றி முழுதும் வெளியே கொண்டுவர மூன்று நாள் ஆயிற்று. அபராதம் கட்டாமைக்காகவும் சில்லறைக் குற்றங்களுக்காகவும் பிடிக்கப்பட்டவர்கள் அந்தத் தண்ணீரில் நின்றவர்களில் நிரம்ப உண்டு. பணம் இருந்தும் யோசனை இல்லாவிட்டால் அவ்வளவுதான்.

ஹோண்டுராஸ் என்னும் சிறு தேசத்தில் நடந்ததோ இதைவிடக் கொடுமையானது. 2012 பிப்ரவரி 14-ந் தேதி இரவு கோமயாகுவா என்னும் ஊர் ஜெயிலில் தீப்பிடித்தது. உள்ளே எண்ணூறுக்கு மேற்பட்டவர்கள். சாவி வைத்திருந்த காவலர்கள் கதவைத் திறக்கவில்லை. 350-க்கும் மேற்பட்டவர்கள் பூட்டிய அறைகளுக்குள் வெந்தும் புகையில் மூச்சடைத்தும் இறந்தார்கள். உள்ளே இருந்தவர்களில் பாதிக்குமேல் தண்டனை விதிக்கப்படாதவர்கள். அன்று பூட்டுகளை உடைத்துப் பலரைக் காப்பாற்றியவர் யார் தெரியுமா? கொலைக் குற்றத்துக்காகத் தண்டனை அனுபவித்துக்கொண்டு, ஜெயில் ஆஸ்பத்திரியில் உதவியாளாய் இருந்த ஒரு கைதி. சம்பளம் வாங்கியவர்கள் செய்யாததைக் கொலைகாரன் என்று பெயர் வாங்கியவர் செய்தார்!

பூட்டிவிட்டுப் போய்விடுவது ஒரு விதம். யோசனையில்லாமல் திறந்துவிட்டு ஓடுவது இன்னொரு விதம். செட்டிநாட்டு வயோதிகர்கள் பர்மாக் கதையைத் தங்கள் தகப்பன்மார் சொல்லக் கேட்டிருப்பார்கள். 1942 பிப்ரவரியில் ஜப்பான்காரன் நெருங்கி வர, ரங்கூனைக் காலி செய்து கொண்டு சர்க்கார் ஓடியபோது, ஜெயில் கைதிகளையும் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் இருந்தவர்களையும் ஏற்பாடு ஒன்றுமில்லாமல் திறந்து விட்டுவிட்டார்கள். புத்தி சுவாதீனமில்லாதவர்கள் சோறு போட ஆளில்லாமல் எரிகின்ற வீதிகளில் அலைந்தார்கள். கொள்ளையடிக்க நினைத்தவர்கள் கொள்ளையடித்தார்கள். முன்கூட்டி யோசிக்காத சர்க்காருக்கு இந்த இரண்டு வழிகள்தான் மிஞ்சும்.

மூன்றாவது வழி ஒன்று உண்டா என்றால், உண்டு. அது முந்நூற்றறுபது வருஷத்துக்கு மேற்பட்ட பழைய வழி. ஜப்பானில் இப்போது டோக்கியோ என்று சொல்லப்படும் எடோ பட்டணம் 1657-இல் பெருந்தீயில் அழிந்தபோது, அங்கிருந்த ஜெயிலின் தலைவரான இஷிதே தாதெவாகி என்பவர், நெருப்பு நெருங்குவதைக் கண்டு கைதிகளைக் கூப்பிட்டு, "உங்களைத் திறந்துவிடுகிறேன், தீ அணைந்ததும் குறித்த இடத்துக்கு வந்துவிட வேண்டும், வருகின்றவர்களுக்காக மேலிடத்தில் நான் மன்றாடித் தண்டனையைக் குறைக்கச் செய்வேன், வராதவர்களைத் தேடிப் பிடிப்போம்" என்ற பொருளில் சொல்லித் திறந்துவிட்டார். அவர்கள் திரும்பி வந்துவிட்டார்கள் என்று சொல்லப்படுகின்றது. அந்த வழக்கம் பின்னால் ஜப்பானியச் சட்டத்திலேயே ஏறிற்று. காப்பாற்றவும் வேறிடம் கொண்டுபோகவும் வழியில்லாத ஆபத்தில் கைதிகளை விடலாம், அவர்கள் குறித்த காலத்துக்குள் திரும்ப வேண்டும் என்று எழுதி வைத்தார்கள். 1923 செப்டம்பரில் பெரும் பூகம்பத்தில் யோகஹாமா ஜெயிலின் சுவர்கள் விழுந்தபோது, அதன் தலைவர் அந்தச் சட்டப்படியே 24 மணி நேரக் கெடு வைத்துக் கைதிகளை விட்டார். பெரும்பாலோர் திரும்பினார்கள். கடவுள் வந்து காப்பாற்றுவார் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. நெருப்பு வரும், பூமி ஆடும், அப்போது இன்னார் இன்னது செய்ய வேண்டும் என்று முன்பே எழுதி வைத்தார்கள். பகுத்தறிவு என்று நாம் சொல்லி வருவது வேறொன்றுமல்ல, இதுதான்.

நம் நாட்டுச் சட்டப் புஸ்தகத்திலும் ஒன்றும் இல்லாமலில்லை. வெள்ளைக்காரன் 1894-இல் செய்த ஜெயில் சட்டத்தின் 7-வது பிரிவே, இடத்துக்கு மிஞ்சிக் கைதிகள் சேர்ந்தாலும், தொற்றுநோய் வந்தாலும், வேறு எந்தக் காரணத்தாலும், அவர்களைத் தற்காலிக ஜெயிலில் வைத்துக் காக்க ஏற்பாடு செய்யச் சொல்லுகின்றது. 2004 டிசம்பர் 26-இல் கடல் பொங்கி ஆயிரக்கணக்கானவர்களை வாரிக்கொண்டு போனபின், 2005-இல் பேரிடர்ச் சட்டம் வந்தது. மாகாண சர்க்காரின் ஒவ்வொரு இலாகாவும் தனக்கென்று ஆபத்துக் காலத் திட்டம் ஒன்று தயாரிக்க வேண்டும் என்று அது கட்டளையிட்டிருக்கின்றது. ஜெயிலும் ஒரு இலாகாதானே! ஆனால் காகிதத்தில் இருப்பது வேறே, ராத்திரி இரண்டு மணிக்கு வார்டர் கையில் இருப்பது வேறே. 2019-இல் உத்தரப் பிரதேசத்துப் பலியா ஜில்லா ஜெயிலுக்குள் மழைத் தண்ணீர் புகுந்தபோது, எண்ணூறுக்கு மேற்பட்டவர்களை அவசர அவசரமாய் ஆஸம்கர் ஜெயிலுக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள். மழையாய் இருந்ததால் அவகாசம் கிடைத்தது. நெருப்பு அவகாசம் கொடுக்குமா?

இனிப் பணத்துக்கு வருவோம். "சர்க்காரிடம் பணமில்லை" என்பார்கள். இது முழுப் பொய். ஜெயில்களை நவீனமாக்குவதற்கென்று 2021-22 முதல் ஐந்து வருஷத்துக்கு மத்திய சர்க்கார் குறித்த தொகை 950 கோடி ரூபாய். எதற்காக? கைதிகளைச் சீர்திருத்துவதற்கும் என்று ஒரு வார்த்தை அதில் சேர்த்திருக்கின்றார்கள். ஆனால் முதன்மையாய் வாங்கச் சொன்னது காமிராவும், உடம்பைச் சோதிக்கும் யந்திரமும், செல்போனை முடக்கும் கருவியும் போன்ற காவல் சாமான்களை. கைதி ஓடிவிடக் கூடாது என்கின்ற பயத்துக்கு 950 கோடி! ஜாமீன் பணம் கட்ட வகையில்லாத ஏழைக் கைதிகளுக்கு உதவுவதற்கு 2023-இல் ஒரு திட்டம் போட்டார்கள். விசாரணைக் கைதி ஒருவருக்கு 40,000 ரூபாய் வரையில் கொடுக்கலாம் என்றார்கள். அதற்கு ஒதுக்கியது வருஷத்துக்கு 20 கோடி. முந்தியதை வருஷக் கணக்காய்ப் பார்த்தால் 190 கோடி. பூட்டுக்கு 190, சாவிக்கு 20 என்று இதைப் படித்துக்கொள்ளலாம்.

காமிராவே கூடாது என்று நாம் சொல்ல வரவில்லை. வேண்டுமானால் வைத்துக்கொள்ளட்டும். தீப்பற்றிய அறையைக் காமிரா படம் பிடிக்கும். கதவைத் திறக்காது என்றுதான் சொல்லுகின்றோம். ஒவ்வொரு வரிசைக்கும் இரண்டாவது வாசல் ஒன்று, இரண்டாவது சாவிக்கொத்து ஒன்று, மின்சாரம் போனால் எரிகின்ற விளக்கு, தண்ணீர்த் தொட்டி, மணல் வாளி, எரிகின்ற பழைய மெத்தை படுதாக்களை அப்புறப்படுத்துவது, மூன்று மாதத்துக்கு ஒரு முறை ராத்திரியில் மணி அடித்துப் பழக்குவது, நடக்க முடியாத கிழவனையும் கர்ப்பிணிப் பெண்ணையும் யார் தூக்குவது என்று பேர் எழுதி ஒட்டுவது — இவற்றுக்கு எத்தனை கோடி வேண்டும்? மூன்று நாள் கும்பாபிஷேகத்தில் வெடியாகவும் நெய்யாகவும் புகைந்து போகின்ற பணத்தில் ஒரு சப்-ஜெயிலுக்கு இத்தனையும் செய்துவிடலாம். அங்கே சாமிக்கு நெருப்பு மூட்டப் பணமிருக்கின்றது. இங்கே மனிதனை நெருப்பிலிருந்து இழுக்கப் பணமில்லை.

ஜாதியைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். வெளியே அக்கிரகாரமும் சேரியும் போதாதென்று, ஜெயிலுக்குள்ளும் இன்ன ஜாதிக்காரன் சமைக்க வேண்டும், இன்ன ஜாதிக்காரன் மலம் அள்ள வேண்டும் என்று சில மாகாணங்களின் ஜெயில் விதிகளிலேயே எழுதி வைத்திருந்தார்கள். 2024 அக்டோபர் 3-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு அவ்விதிகள் செல்லாது என்றும், கைதிப் பதிவேட்டில் ஜாதிக் கட்டமே இருக்கக் கூடாது என்றும் தீர்ப்புச் சொல்லிற்று. அந்த வழக்கில் நம் பாளையங்கோட்டை மத்திய ஜெயிலின் பெயரும் அடிபட்டது. கைதிகளை ஜாதிவாரியாகப் பிரித்து வைத்தது கலகம் வராமலிருக்கத்தான் என்று சொல்லப்பட்ட சமாதானத்தைச் சென்னை ஐகோர்ட்டு முன்பு ஒப்புக்கொண்டிருந்தது. சுப்ரீம் கோர்ட்டு ஒப்பவில்லை. ஆபத்துக் காலத்தில் எந்தக் கதவை முதலில் திறப்பது என்ற கேள்வி வரும்போது, ஜாதிக்கொரு அறை வைத்திருக்கின்ற ஜெயிலில் என்ன நடக்கும் என்பதை நம் வாசகர்களே யோசித்துக் கொள்ளலாம். பெரியாரின் பூமி என்று பேசிக்கொள்ளுகின்ற நாட்டில் இது வெளியே தெரிவதற்கு டில்லிக் கோர்ட்டு வரை போக வேண்டியிருந்தது.

"திறந்து விட்டால் ஊர் கெட்டுப் போகும்" என்று பயப்படுகின்றவர்களுக்கு ஒன்று ஞாபகப்படுத்துகின்றோம். 2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது, ஜெயிலில் நோய் புகுந்தால் தாங்காது என்று கண்டு சுப்ரீம் கோர்ட்டு ஒவ்வொரு மாகாணத்திலும் உயர்மட்டக் கமிட்டி அமைக்கச் சொல்லிற்று. யாரை ஜாமீனிலும் பரோலிலும் விடலாம் என்று அந்தக் கமிட்டிகள் பொறுக்கி எடுத்து விட்டன. ஏழு வருஷம் வரையில் தண்டனை வரக்கூடிய குற்றம் சாட்டப்பட்டவர்களைக் கூட விடுவது பற்றி யோசிக்கலாம் என்றார்கள். ஊர் கெட்டுப் போய்விட்டதா? ஆபத்து வந்த பிறகு சில வாரங்களில் செய்ய முடிந்ததை ஆபத்து வருமுன் நிதானமாய்ச் செய்ய என்ன தடை? முதன்முறைக் குற்றம் சாட்டப்பட்டவன், வரக்கூடிய தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலம் உள்ளேயே கழித்துவிட்டால் அவனை விட வேண்டும் என்று 2024 ஜூலையில் அமுலுக்கு வந்த புதுக் குற்ற நடைமுறைச் சட்டம் 479-வது பிரிவில் சொல்லுகின்றது. ஆயுள், மரண தண்டனைக் குற்றங்களுக்கு இது பொருந்தாது. அந்தப் பிரிவை ஒழுங்காய் நடத்தினாலே உள்ளே கூட்டம் குறையும். இதற்குச் சிமெண்டும் வேண்டாம், காமிராவும் வேண்டாம்.

கடைசியாக, "எல்லாம் அவனவன் தலைவிதி" என்பவர்கள் இருக்கின்றார்கள். அவர்களுடன் நாம் வாதம் செய்யப் போவதில்லை. அவர்கள் தங்கள் வீட்டு இரும்புப் பெட்டியைத் திறந்து போட்டுவிட்டு, விதியை நம்பி ஒரு ராத்திரி தூங்கிக் காட்டட்டும். பிறகு பேசலாம்.

நம் இயக்கத்தாருக்கு ஜெயில் புதிதல்ல. ஹிந்தி எதிர்ப்பில் உள்ளே போன நடராசனும் தாளமுத்துவும் 1939-இல் ஜனவரியிலும் மார்ச்சிலும் பிணமாகவே வெளியே வந்தார்கள். அவர்கள் திருடவில்லை, கொலை செய்யவில்லை. இன்று உள்ளே இருப்பவனை எவனோ ஒருவன் என்று நினைக்கின்றவர்கள் இதை மறக்கக் கூடாது.

ஆகவே ஒக்கூர்த் தோழர்களையும், சிவகங்கை, காரைக்குடி, திருப்பத்தூர்ப் பக்கத்துத் தோழர்களையும் நாம் கேட்டுக்கொள்வது கூட்டம் போட்டுத் தீர்மானம் நிறைவேற்றும்படி அல்ல. 2005-ஆம் வருஷத்துத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கையிலிருக்கின்றது. 10 ரூபாய் கோர்ட்டு ஸ்டாம்பை ஒட்டி, சென்னையிலுள்ள சிறைத்துறைத் தலைமை அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். நம் ஜில்லாவிலுள்ள ஜெயில்கள் ஒவ்வொன்றிலும் இராத்திரியில் பூட்டியபின் அறைச் சாவி எத்தனை பேரிடம் இருக்கின்றது, தீயணைக்கும் சாதனங்களைக் கடைசியாய்ப் பரிசோதித்த தேதி என்ன, கைதிகளோடு சேர்த்து வெளியேறும் ஒத்திகை எந்தத் தேதியில் நடந்தது, ஜெயில் இருக்கத் தகாததாய்ப் போனால் அவர்களை எந்தக் கட்டடத்துக்குக் கொண்டுபோவதாய் உத்தேசம், 2005-ஆம் வருஷச் சட்டப்படி எழுதிய திட்டத்தின் நகல் எங்கே, சென்ற மூன்று வருஷங்களில் இவற்றுக்கென்று செலவான தொகை எவ்வளவு என்று ஒவ்வொன்றாய்க் கேளுங்கள். சாதாரணமாய் 30 நாளில் பதில் வர வேண்டும். ஒரு மனிதனுடைய உயிரையோ சுதந்திரத்தையோ பற்றிய கேள்வியானால் 48 மணி நேரத்தில் பதில் சொல்ல வேண்டும் என்று அதே சட்டத்தின் 7-வது பிரிவு சொல்லுகின்றது. இந்தக் கேள்விகள் அவ்விதத்தைச் சேர்ந்தவை என்று கடிதத்தின் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள். வருகின்ற பதிலை, பதில் வராவிட்டால் வரவில்லை என்பதையும், நமக்கு அனுப்பி வைத்தால் ஜில்லாவின் பெயரோடு இப்பத்திரிகையில் வெளியிடுகின்றோம்.